மழை பெய்யாமல் இருந்திருந்தால்

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய வாட்டர்லூ படங்கள் வந்தன. சிங்க மேட்டின் 226 படிகளையும் ஏறி உச்சியில் நிற்கிறாயே, அந்தப் படத்தை அம்மா தெருவில் காட்டாத வீடு பாக்கியில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: முந்தின ராத்திரி மழை பெய்யாமல் இருந்திருந்தால் நெப்போலியன் ஜெயித்திருப்பாரா? போனில் பேசி முடிகிற விஷயமில்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழை பெய்தது உண்மை. 1815 ஜூன் 17 மாலை பிடித்த மழை இரவெல்லாம் கொட்டியது. சேற்றில் பீரங்கிகளை நகர்த்த முடியாது, குண்டும் தெறித்துப் பாயாமல் மண்ணில் புதைந்துவிடும் என்று பிரெஞ்சுப் படை மறுநாள் 11 மணி தாண்டும்வரை காத்திருந்தது. அதற்குள் ப்ளூஷரின் பிரஷ்யப் படை வாவ்ர் பக்கமிருந்து நடக்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் அது நெப்போலியனின் வலப்புறம் வந்து மோதியபோது, எதிரே ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் வரிசை இன்னும் உடையாமல் நின்றது.

சரி, மழையே இல்லை, வெலிங்டன் மத்தியானமே தோற்றார் என்று வைத்துக்கொள். ஆஸ்திரியப் படையும் ரஷ்யப் படையும் ரைன் நதியை நோக்கி வந்துகொண்டிருந்தனவே! ஜூலையில் ஒரு வாட்டர்லூ, ஆகஸ்டில் இன்னொன்று என்று நெப்போலியன் ஜெயித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எதிரிகளோ ஒருதரம் ஜெயித்தால் போதும்.

இப்படி ஒரு நிலைக்கு அவர் வந்து சேர்ந்தது வாட்டர்லூவில் இல்லை. நீ இருக்கிற ரெய்ம்ஸிலிருந்து தெற்கே காரில் சுமார் ஒரு மணி நேரம் போனால் ஷாம்போபேர் என்று ஒரு சின்ன ஊர் வரும். என் மனசுக்கு அங்கேதான் எல்லாம் கைநழுவியது. 31 வருஷம் வரலாறு நடத்தினேன். பாடப்புத்தகத்தில் லைப்ஸிக், எல்பா, வாட்டர்லூ மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். நானும் அப்படியே தாண்டிப் போனேன். ரிட்டையரான பிறகு 1814ஐப் பற்றி நிதானமாகப் படித்தபோதுதான், என் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன் என்று உறைத்தது.

1812இல் ரஷ்யாவில் நெப்போலியனின் ஒரு மகா சேனையும் 1813இல் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் இன்னொன்றும் அழிந்துபோயிருந்தன. 1814 பிப்ரவரி 1 அன்று லா ரோத்தியேரில் பிரெஞ்சு மண்ணிலேயே தோற்றார். ஷாத்தியோன் என்ற ஊரில் சமாதானப் பேச்சு தொடங்கியது. போர்களில் பிடித்ததையெல்லாம் விட்டு 1792ஆம் வருஷத்து எல்லைக்குத் திரும்பினால் போதும் என்றார்கள் எதிரிகள். வேறு வழியில்லாமல், பாரிஸைக் காப்பாற்ற எதற்கும் கையெழுத்துப் போடலாம் என்று தன் தூதர் கொலான்கூருக்கு முழு அதிகாரம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ப்ளூஷரின் படை துண்டு துண்டாகப் பிரிந்து பாரிஸ் சாலையில் வருகிறது என்று சேதி கிடைத்தது. சுமார் 30,000 பேரோடு கிளம்பினார். சதுப்பு நிலம், பாப்பா. வாட்டர்லூவை விட மோசமான சேறு. புதைந்த பீரங்கிகளை இழுக்க ஊர்க்காரர்கள் தங்கள் குதிரைகளைக் கொண்டுவந்து பூட்டினார்கள். 10ஆம் தேதி ஷாம்போபேர், 11 மோன்மிராய், 12 ஷாத்தோ தியெரி, 14 வோஷாம். ஐந்து நாளில் நான்கு வெற்றி!

அந்தப் படையில் பலர் மீசை முளைக்காத பையன்கள். ஆள் எடுக்கும் ஆணையில் மகாராணி மரி லூயிஸ் கையெழுத்திட்டதால் அவர்களை 'மரி லூயிஸ்கள்' என்றே கூப்பிட்டார்கள். ஷாம்போபேரில் ஒரு பையன் குண்டு மழைக்கு நடுவே சுடாமல் நின்றானாம். ஏனென்று கேட்டால், தோட்டா நிரப்பித் தர ஆள் இருந்தால் நானும் சுடுவேன் என்றானாம். தளபதி மார்மோன் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனைப் பெற்றவர்கள் ஏதோ ஒரு கிராமத்தில் அவனை நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்களே.

அந்தப் பையன்கள் சேற்றில் நின்று வாங்கித் தந்த வெற்றியை வைத்துக் கௌரவமாகச் சமாதானம் செய்திருக்கலாம். நெப்போலியனோ பிப்ரவரி 17 அன்று கொலான்கூருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். எல்லை ரைன் வரைக்கும் வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தார். அரண்மனையில் பிறந்த ராஜாக்கள் இருபது தரம் தோற்றாலும் திரும்பிப் போய் உட்காரலாம், தன்னால் அது முடியாது என்று முந்தின வருஷம் டிரெஸ்டனில் நெப்போலியன் சொன்னதாக ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு விலை கொடுத்தது ஊரார் பெற்ற பிள்ளைகள். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச்சில் ஷோமோன் என்ற ஊரில் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா, பிரிட்டன் ஆகிய நான்கு வல்லரசுகளும், தனித்தனியே சமாதானம் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன் பிறகும் 13ஆம் தேதி உன் ரெய்ம்ஸை அவர் மீட்டார். ஆனால் எதிரிகளின் பின்பக்கம் பாயப்போகிறேன் என்று மனைவிக்கு எழுதிய கடிதம் அவர்கள் கையிலேயே சிக்கியது. அவர்கள் நேரே பாரிஸுக்கு நடந்தார்கள். 31ஆம் தேதி நகரம் அவர்களுடையது. அடுத்த வாரமே மார்மோனின் படைப்பிரிவு எதிர்ப்பக்கம் போனது. ஏப்ரல் 6 அன்று முடி துறந்தார். ஒரு ராத்திரி விஷமும் குடித்துப் பார்த்தார். பழைய விஷம், வாந்தியாகிப் பிழைத்தார்.

அந்த நான்கு வல்லரசுகள்தான் அடுத்த வருஷம் அவர், நாடு கடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பி வந்ததும் பேச்சுக்கே இடமில்லாமல் படை திரட்டின. வாட்டர்லூவில் மழை பெய்தாலென்ன, வெயில் அடித்தாலென்ன?

பிப்ரவரியில் லீவு கிடைத்தால் ஷாம்போபேருக்கு ஒரு நடை போய் வா. ஊருக்குள் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதோடு திரும்பிவிடாதே. சாலையை விட்டு இறங்கி வயலில் நாலு எட்டு நடந்து, அந்தச் சேற்றையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு போ, கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள். அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா