எலும்பு உயிரற்ற சுண்ணாம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் 'எலும்பு உயிரற்ற சுண்ணாம்புத் தூண்' என்று வந்த வரியைப் படித்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு; மீதி கொலாஜென் என்ற புரத நாரும் நீரும். இதற்குள்தான் செல்கள் குடியிருக்கின்றன. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

தவறு இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு படத்தில் கருப்புப் புள்ளிகளைக் காட்டி 'எலும்புச் செல்கள்' என்று அச்சிட்டீர்கள். அது உலர்ந்த எலும்பை ரம்பத்தால் அறுத்து, கல்லில் மெலிதாகத் தேய்த்து எடுத்த ஸ்லைடு. அதில் செல்லே இருக்காது. காலிக் குழிகளில் காற்று அடைத்திருப்பதால்தான் கருப்பாகத் தெரிகிறது. மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் எலும்பு செத்தது என்று முடிவு கட்டுகிறார்கள்.

செல்லைப் பார்க்க வேண்டுமானால் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, பார்மலினில் பதப்படுத்தி, பிறகு பார்மிக் ஆசிட்டில் சுண்ணாம்பை நீக்க வேண்டும். ஆசிட் துண்டைப் போல 20 மடங்காவது இருக்க வேண்டும். துண்டு ஊறிய ஆசிட்டில் கொஞ்சம் எடுத்து அம்மோனியாவால் நடுநிலையாக்கி அம்மோனியம் ஆக்சலேட் விட்டால் கலங்குகிறதா? சுண்ணாம்பு இன்னும் பாக்கி. அவசரப்பட்டால் மெலிதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியின் கத்தி முனை போகும், சீவல் கிழியும். அளவுக்கு மீறி ஊறவிட்டாலோ உட்கரு ஹெமடாக்ஸிலின் என்ற நீலச் சாயத்தைப் பிடிக்காது. எல்லாம் கூடப் போடும் சாயத்தின் வெறும் சிவப்பாக நிற்கும்.

சரியாக வந்த ஸ்லைடில், இரத்தக் குழாய் ஓடும் ஹேவர்சியன் கால்வாயைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகள். அடுக்குகளுக்கு இடையே குழிக்கு ஒரு ஆஸ்டியோசைட் என்ற எலும்புச் செல், நடுவில் நீல உட்கரு. ஓரத்தில் வரிசை கட்டி நின்று புது எலும்பு போடும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். பல உட்கருக்களோடு, எலும்பில் தான் அரித்த பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெரிய ஆஸ்டியோகிளாஸ்ட் செல். அரிப்பு சில வாரங்களில் முடியும். அந்தப் பள்ளம் நிரம்ப மூன்று, நான்கு மாதம் ஆகும். எலும்பு முறிந்தவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்று சொல்லவாவது இதை எழுதியிருக்கலாம். அதற்கு இடமில்லாத பக்கத்தில் கால்சியம் மாத்திரைக்கு அரைப் பக்கம் இருந்தது.

இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்தப் பழைய படத்தை மறுபடி அச்சிட நேர்ந்தால் 'செல் இருந்த குழிகள்' என்று குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
திசுவியல் ஆய்வக நுட்புநர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.