முதல் மாலைக்கு முன் ஒரு சட்டம்

மன்னர் கமேஹமேஹா விழா ஆணையத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் கமேஹமேஹா நாளான ஜூன் 11-ஐ ஒட்டி, ஹவாயின் தலைநகர் ஹோனலூலூவில், தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி, ஹவாய்த் தீவுகளை ஒன்றிணைத்த அம்மன்னரின் சிலையின் நீட்டிய கரத்தில் ஆளுயரத்தையும் மிஞ்சிய பூமாலைகளைச் சூட்டுகிறீர்கள். முதல் மாலை ஏறுவதற்கு முன், அவர் 1797-இல் பிறப்பித்த ‘உடைந்த துடுப்பின் சட்டம்’ ஹவாய் மொழியில் உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். விழாவின் வேறொரு பகுதியில் அது ஏற்கெனவே இடம்பெறுமானால், இந்த இடத்திற்கு முன்னே வரட்டும்.

இளமையில் ஹவாய்த் தீவின் பூனா கடற்கரையில் மீனவர்களைத் துரத்திச் சென்ற கமேஹமேஹாவின் கால் எரிமலைப் பாறையின் இடுக்கில் சிக்கிக்கொள்ள, மீனவர் ஒருவர் துடுப்பு சிதறும்படி அவர் தலையில் அடித்தார் என்பது மரபுவழிக் கதை. பின்னாளில் அம்மீனவர் தம்முன் நிறுத்தப்பட்டபோது, முதலில் தாக்க முனைந்தது தாமே என்று மன்னர் ஒப்புக்கொண்டு அவரை விடுவித்தார். முதியோரும் பெண்களும் குழந்தைகளும் வழியோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம் என்றும் ஆணையிட்டார். அந்த ஆணை இன்று மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. தம்மை அடித்தவனிடமிருந்து சட்டம் கற்ற அரசர்கள் அரியவர்கள்.

ஆனால் சிலையில் முதலில் கண்ணில் படுவது ஈட்டிதான். 1795-இல் ஓவாஹூ தீவின் நூவானுவில் நடந்த போரில் அவர் பெற்ற வெற்றியை எல்லாத் தீவுகளும் ஒரே மனத்துடன் நினைப்பதில்லை. கவாய் தீவு போரில் வெல்லப்படவில்லை. 1810-இல் பேச்சுவார்த்தையின் வழியே இணைந்தது. அங்கே நிறுவுவதற்காகச் செய்யப்பட்ட சிலையைத் தீவு மக்கள் ஏற்க மறுத்ததையும், அது 1997-இல் ஹவாய்த் தீவின் ஹீலோ நகருக்குச் சென்றதையும் நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். அணிவகுப்பில் ஒவ்வொரு தீவின் நிறத்தையும் மலரையும் அணிந்து குதிரையில் வரும் பெண்கள் எல்லோருக்கும் பொதுவாக நிற்கக்கூடியது வெற்றியன்று, இந்தச் சட்டமே என்பது என் கருத்து.

ஐந்தாம் கமேஹமேஹா தம் பாட்டனாரின் நினைவாக 1871-இல் அறிவித்த இந்நாள், 1893-இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்ட பின்னும், 1959-இல் ஹவாய் அமெரிக்க மாநிலமான பின்னும் நீடிக்கிறது. அந்நாளைய குதிரைப் பந்தயங்கள் அணிவகுப்பாக மாறியதுபோல, விழாவின் வடிவமும் மாறியே வந்திருக்கிறது. ஆகவே இச்சிறு மாற்றம் மரபுக்கு முரணாகாது.

சிலைக்குப் பின்னால் இருக்கும் அலியோலானி ஹாலே மாநில உச்ச நீதிமன்றம் இயங்கும் கட்டடம். இவ்வாசிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பின்புலம் அமையாது. சட்டமோ சில வரிகள்தான். அதுவரை ஏணியில் ஏறுபவர் கையில் மாலையோடு காத்திருக்கலாம்.

மதிப்புடன்,
ஹவாய் வரலாற்றைத் தொலைவிலிருந்து பயிலும் ஒரு தமிழ் வாசகர்