பலகையில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா பற்றி எங்கள் ஊர்ப் பக்கம் கண்காட்சி நடத்திய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அலுவலகம் என்று பெயர் போட்டு எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பலகையாக நான்தான் வாசித்துக் காட்டினேன். 21 தீவுகள், பூங்காவாக அறிவித்தது 1986, உயிர்க்கோளக் காப்பகம் ஆனது 1989. கடல்பசு (எங்கள் ஊரில் ஆவுளியா) படத்தைப் பார்த்து, "ஆவுளியா மாதிரியே இல்லையே, கொழுக்கட்டை மாதிரி இருக்கு" என்று சிரித்தார். கடைசிப் பலகையின் தலைப்பு 'பூங்காவுக்கு ஆபத்துகள்'. முதல் வரி: பெண்கள் கடல்பாசி எடுப்பது.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். "கடல்ல பிளாஸ்டிக் போடக் கூடாதாம்" என்றேன். நாற்பது வருசமாகப் பாசி எடுக்கிறவரிடம் வேறென்ன சொல்வது?

அந்த வரியை மாற்றுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

பாசிக்குப் போகும் நாளில் விடிவதற்கு முன்பே வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறிவிடுவார்கள். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி மூழ்க வேண்டும். பாரில், அதாவது கடலடிப் பாறையில், உரசி உரசித் துணி கிழியும், அப்புறம் தோல் கிழியும். அந்த நாட்களில் ராத்திரி அம்மா கையால் சோறு பிசைய மாட்டார். ரசம் பட்டால் எரியும். கரண்டியால் சாப்பிடுவார். சின்ன வயதில் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

பாசி எடுப்பதால் பாருக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் வாதாடவில்லை. கால் வைத்தால் கல் உடையும், அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் சுரண்டும் இரும்பைக் கைவிட்டு வெறுங்கையால் எடுக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் போவது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். இதற்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கொடுத்தார்கள். அவ்வளவு தூரத்தில் தெரிந்த விஷயம் உங்கள் பலகைக்கு எட்டவில்லை.

சரி, ஆபத்துகளையே பேசுவோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருசக்கணக்கில் வெட்டி எடுத்தார்களே, அதற்கு உங்கள் பலகையில் எத்தனையாவது வரி? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டு தீவும் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்று பெரிய எழுத்தில் போட்ட இடத்தில் அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளர்ப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி 2008இல் குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்தது அம்மா இல்லை. 2010இலும் 2016இலும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்ததே, அதற்கும் எங்கள் தெருவில் யார் மேலாவது கேஸ் போடலாமா?

இன்னொன்று. கொற்கை முத்துக்கு ஒரு முழுப் பலகை வைத்திருக்கிறீர்கள். அழகாகத்தான் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். மூழ்கி முத்து எடுத்தவர் பாரம்பரியம், மூழ்கிப் பாசி எடுப்பவர் ஆபத்து. ஆள் இல்லாமல் போனால்தான் பாரம்பரியத்தில் சேர்ப்பீர்கள் போலிருக்கிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுகிறார்கள், கல்லூரி ஆய்வகத்தில் அதே பாசிக் கூழை அகர் என்று தட்டில் ஊற்றிக் கிருமி வளர்க்கிறார்கள். அந்த அகர் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும் கையைத்தான் நீங்கள் முதல் வரியில் போட்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிட்டு, மாதம் பன்னிரண்டு நாள், வெறுங்கை, அவர்களே போட்ட கட்டுப்பாடு என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன் பாசிக்குப் போகும் பெண்கள் நாலு பேரிடம் கேளுங்கள்.

மாற்றிவிட்டால் அடுத்த கண்காட்சிக்கும் அம்மாவைக் கூட்டிவருகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைக்காதீர்கள். அன்றைக்கு அவருக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
பாசிக்காரம்மா மகள்