சாயாங் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி 14-ஐ ஒட்டி உங்கள் ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் 'லவ்' என்ற சொல்லுக்குப் பல மொழிகளில் என்ன என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. மலாய்க்கு நேராக 'சிந்தா' மட்டும். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அதைப் பார்த்து, பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு (மலாய் அத்தைக்கு) அட்டை செய்து 'சிந்தா மாக்சிக்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பென்சிலை வாங்கிப் பக்கத்திலேயே 'சாயாங்' என்று எழுதிக் காட்டினார்.

நாற்பது வருடமாக அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. அங்கே யாரும் பேச்சில் 'சிந்தா' சொல்லி நான் கேட்டதில்லை. அது காதலர்களுக்கும் பாட்டுக்கும் நாட்டுப்பற்றுக்கும் ஆகும். வீட்டில் புழங்குவது சாயாங்தான். பிள்ளையைக் கொஞ்சினாலும் சாயாங், புருஷனைக் கூப்பிட்டாலும் சாயாங். மிஞ்சிய சோற்றை நான் கொட்டப் போனால் மாக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து 'சாயாங்லா!' என்பார். ஐயோ, வீணாகிறதே என்று அர்த்தம். ஒரு பிடி சோற்றுக்காகப் பதறுவதும் பிள்ளை மேல் உயிராக இருப்பதும் அவர்களுக்கு ஒரே சொல்.

அப்புறம், காசே. தினமும் கடையில் 'தெரிமா காசே' சொல்கிறோம். தெரிமா என்றால் பெறுவது, காசே என்றால் அன்பு. நன்றி சொல்லும்போதெல்லாம் 'உங்கள் அன்பைப் பெற்றுக்கொண்டேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித் தர வேண்டாமா?

தமிழுக்கு நேராக வெறும் 'காதல்' என்று போட்டதும் சரியாகப் படவில்லை. பழந்தமிழில் காதலன் என்றால் மகன் என்றும் பொருள் உண்டு, சரி. இன்றைக்கு ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லுமா? அன்பு, பாசம், பிரியம் எல்லாம் எங்கே போயின?

சிந்தாவை எடுத்துவிடச் சொல்லவில்லை. வடமொழியிலிருந்து அங்கே போன சொல் அது. நம் சிந்தையும் அதே வேர்தான். சிந்தா, சாயாங், காசே மூன்று சொல்லையும் போட்டு, எதை யாரிடம் சொல்வது என்று ஒரு வரியும் சேர்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வெளியிடுங்கள். பேத்தி கத்தரித்து மாக்சிக்கிடம் கொண்டுபோய்க் காட்டக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தைப்பிங், பேராக்.