யட்சி ஒருத்தி போதும்

களியக்காவிளை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்றுகிடக்கிறது. அம்மா நலம், உன்னை விசாரித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ நடத்தும் ரோல்பிளேயிங் கேமில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்தில், ஐந்து பிளேயர்களில் நான்கு பேர் அமானுஷ்யக் கேரக்டர் கேட்டார்கள், நீயும் கொடுத்துவிட்டாய். இப்போது யட்சியே வந்து நின்றாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். இனிமேல் பகடை உருட்டி அதிர்ஷ்டக்காரனுக்கு மட்டும் கொடுக்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். அதை அந்தக் காலத்திலேயே செய்து பார்த்துவிட்டார்கள். 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இதே வகை ஆட்டத்தின் விதிகளில் பாலடின், அதாவது தெய்வ சக்தி உள்ள வீரன், ஆக கரிஸ்மா என்ற வசீகர மதிப்பெண் குறைந்தது 17 வேண்டும். மூன்று பகடையை நேராக உருட்டினால் 216-க்கு 4 தடவைதான் 17-ஓ 18-ஓ விழும். ஆனால் ஒருவனுக்கு விழுந்துவிட்டால், அந்தப் பாலடின் வாரா வாரம் உன் எதிரில்தானே உட்கார்ந்திருப்பான்? அப்புறம் அவன் எங்கே அபூர்வம்?

அபூர்வம் ஊர்க்காரர்கள் நடந்துகொள்வதில் தெரிய வேண்டும். நம் பக்கத்தையே எடுத்துக்கொள். இரவில் தனியாகப் போகிறவனிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சியைப் பற்றிக் கேள்விப்படாதவர் குழித்துறையிலும் இல்லை, பாறசாலையிலும் இல்லை. ஆனால் நானே பார்த்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாத்தாவின் கூட்டாளி பார்த்தார், அத்தை வீட்டுப் பக்கம் ஒருத்தர் பார்த்தார், அவ்வளவுதான். இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுபோ. முதல் செஷனில், பொழுது சாய்ந்ததும் வெற்றிலை முறுக்கான் கடைக்காரர் சுண்ணாம்பு டப்பாவை மூடி உள்ளே வைக்கட்டும். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றட்டும். அடுத்த செஷனில் ஒரு பாட்டி, யட்சியை அடக்க மந்திரவாதி ஏழிலைப்பாலை மரத்தில் அறைந்த ஆணியைக் காட்டட்டும். கள் இறக்குகிறவரோ அது இந்த மரமே இல்லை என்று சாதிக்கட்டும். யட்சி இன்னும் வரவே இல்லை, ஆனாலும் உன் ஆட்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பப் பார்ப்பார்கள்.

அந்த நான்கு பேரில் ஒருத்திக்கு மட்டும் யட்சி கேரக்டரைக் கொடு. மற்ற மூவரிடம் நேராகப் பேசி மனிதர்களாக ஆட வை. முகம் சுளித்தால் 1981-இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தைச் சொல். அதில் ஆடுகிறவர்கள் சாதாரண ஆட்கள்தான். ஒரு ஜந்துவைக் கண்ணால் பார்த்தாலே சித்தம் கலங்கிப் புள்ளி குறையும். பயப்பட ஆள் இருப்பதுதான் அந்த ஆட்டத்தின் பலம் என்பேன்.

யட்சியாக ஆடுகிறவளின் கேரக்டர் ஷீட், அதாவது அவள் பாத்திரத்தின் சக்திகளை எழுதி வைத்த தாள், மற்றவர் கண்ணில் படக் கூடாது. அவள் சக்தியைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் ஊரில் ஒருவராவது மாற வேண்டும். நேற்றுத் தண்ணீர் கொடுத்தவள் இன்று கதவைத் திறக்க மாட்டாள். கடைக்காரர் யட்சியின் காசைத் தொட மாட்டார். யாரையும் மாற்றாத சக்தி என்றால் அதை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடு.

மூவரில் அதிகம் அடம்பிடிப்பது யார் என்று எழுது. அவருக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறேன்: ஆணி அறைந்த மந்திரவாதியின் பேரன், மந்திரம் ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் ஊர் முழுக்க அவனைத்தான் தேடி வருகிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி