பைக்கற்றுத் தூளும் வீட்டுத் தூளும் ஒன்றா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வார இதழின் சமையல் பக்கத்தில், கலந்து திரித்த கறித்தூளை விட்டுவிட்டு மிளகாய், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுச் சமைத்தால்தான் கறிக்கு உண்மையான ருசி வரும் என்று எழுதியிருந்ததை வாசித்தேன். எழுதியவருடைய நோக்கம் நல்லதுதான். ஆனால் கடையில் பைக்கற்றில் வருகிற தூளையும் நாங்கள் வீட்டில் வறுத்துத் திரிக்கிற தூளையும் ஒன்றாகச் சேர்த்துக் குறை சொல்லிவிட்டார், அதை என்னால் பேசாமல் விட முடியவில்லை.

தனித்தனித் தூள் போடுகிற முறையை இப்போது பிள்ளைகள் யூரியூப்பில் இந்தியச் சமையல் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அந்தச் சமையலுக்கு அது சரி. அங்கே வறுக்காத மல்லித்தூளையும் மிளகாய்த்தூளையும் வெங்காயம், தக்காளியோடு எண்ணெயில் வதக்கி, பச்சை வாசம் போன பிறகுதான் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் தூள் தாச்சியிலேயே வறுபட்டு வந்த தூள். பழப்புளித் தண்ணீரிலும் தேங்காயின் இரண்டாம் பாலிலும் நேரே கரைத்துக் கொதிக்க விடலாம், வதக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்து ஜப்பான் மீனுக்கு, அதாவது திலாப்பியாவுக்கு, அப்படித்தான் குழம்பு வைக்கிறோம். அதே குழம்பில் வறுக்காத மல்லித்தூளை அப்படியே கொட்டினால் குழம்பு தடிக்கும், பச்சை வாசமும் போகாது. பிறகு தூள் பிழை என்று சொல்வார்கள்.

வறுக்கிற வேலையைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் கலந்த தூள் என்றாலும் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டி வறுப்பவர்கள் இங்கே யாரும் இல்லை. மல்லிக்கு மெல்லிய நெருப்பில் நிறைய நேரம் வேண்டும், சின்னச்சீரகமும் பெருஞ்சீரகமும் சூடேறி வாசம் எழும்பியதும் இறக்கிவிட வேண்டும், வெந்தயம் கொஞ்சம் கறுத்தாலே முழுத் தூளும் கசந்துவிடும். மஞ்சளை முதலில் உரலில் இடித்துத் துண்டாக்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்குகிற பதத்துக்கு வரவேண்டும், செத்தல் மிளகாய் கடைசியில். ஆக, ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகக் கவனிக்கிற வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம், அதை வறுக்கிற அன்றைக்கே செய்து முடித்துவிடுகிறோம். மில்லில் இருந்து சூட்டோடு வருகிற தூளை அப்படியே போத்தலில் அடைக்கக்கூடாது என்பதையும் இளம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும். பேப்பரில் பரப்பி ஆற விடாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மிளகாயிலும் தூளிலும் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு உண்டாகலாம், வெயிலில் காயவைத்தாலும் அது போகாது.

சரி, எல்லாக் கறிக்கும் ஒரே தூள் என்று நானும் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வைக்கிற சரக்குக்கறிக்கு மிளகு, மல்லி, சின்னச்சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு அம்மியில் அரைக்கவேண்டும், போத்தலில் இருக்கிற தூளை அதற்குப் போடவே கூடாது. பால்கறிக்கும் சொதிக்கும் பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம் போதும். ஆட்டிறைச்சிக்குத் தூளோடு, கறி இறக்குகிற நேரத்தில் பெருஞ்சீரகம், கறுவா, ஏலக்காய், கராம்பு வறுத்து இடித்த தூளைத் தனியாகத் தூவுவோம். எங்கே தனிச் சரக்கு, எங்கே கலந்த தூள் என்று எங்கள் சமையலிலேயே கணக்கு இருக்கிறது. உங்கள் சமையல் பக்கத்துக்கு அந்தக் கணக்கைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பைக்கற்றுத் தூளைப் பற்றி எனக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் விடிய எழும்பிக் கூலி வேலைக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பும் பெண், சின்னப் பைக்கற் ஒன்றை வாங்கிக் கறி வைப்பதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். மிளகாயையும் மல்லியையும் கிலோக் கணக்கில் வாங்க ஒரே தடவையில் கையில் காசு வேண்டுமே. என் கோபமெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விற்கப்படுவதில்தான். மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020 இல் விலை எக்கச்சக்கமாக ஏறியபோது அரிசி மாக் கலந்த மஞ்சள்தூள் சந்தைக்கு வந்தது நாடே அறிந்த விஷயம். முழு மஞ்சளில் மாவைக் கலக்க முடியாது. சரக்கை முழுதாகப் பார்த்து வாங்குங்கள் என்று அம்மாமார் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காணி பெற்றுக் குடியேறிய இளைஞர்கள் செத்தல் மிளகாயால்தான் தலை நிமிர்ந்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது, பிறகு போர் வந்தது. இப்போது நாட்டில் விற்கிற செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. வன்னியில் இன்றைக்கும் மிளகாய் செய்கிறார்கள், பழுக்கவிட்டுக் காயவைத்தால் வாங்க ஆள் இல்லை என்று பச்சையாகவே விற்றுவிடுகிறார்கள். வீட்டில் தூள் திரிக்கிற வழக்கம் குறையக் குறைய அந்தச் செத்தலுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சச் சந்தையும் போய்விடும். 2009இல் போர் முடிந்த பிறகு தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற எத்தனையோ பெண்கள் ஊர் ஊராகத் தூள் வறுத்துத் திரித்து விற்றுப் பிழைக்கிறார்கள். கறித்தூளே கூடாது என்று ஒரு பத்திரிகை எழுதினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். பெரிய கம்பனிகளின் பைக்கற் வழமைபோலப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அதனால் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கறித்தூள் பற்றி எழுதும்போது முல்லைத்தீவில் இறாலுக்கும் நண்டுக்கும் தூள் போடுகிறவர்களையும், மன்னாரிலும் செட்டிகுளத்திலும் சமைப்பவர்களையும், இங்கே மில் வாசலில் வாளியோடு நிற்கிற அம்மாமாரையும் கேட்டு, மிளகாய்க்கு எவ்வளவு மல்லி, எவ்வளவு பெருஞ்சீரகம் என்று அளவோடு போடுங்கள். ஊருக்கு ஊர் அந்த அளவு மாறும், அத்தனையும் அச்சில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.