ஊர் என்று ஒன்று வேண்டும்

மெல்போர்ன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுப்பதே இல்லை என்று கோபித்திருந்தாய். இங்கே ஒரு தடுப்பு முகாம் இருக்கிறது. பக்கத்துச் சர்ச்காரர்களோடு சேர்ந்து, அடைக்கலம் கேட்டு வந்து உள்ளே கிடப்பவர்களைப் பார்க்கப் போகிறேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போன மாதம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். வீட்டில் சமைத்தது கூடாதாம். கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன், "அண்ணா, உங்கட சட்டையில தாளிச்ச வாசம் வருது" என்றான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் நான் இறங்கக் காரணம் பிலோயேலா. குயின்ஸ்லாந்தில் சின்ன ஊர், 6,000 பேர் இருந்தால் அதிகம். நடேஸ், பிரியா என்ற ஈழத்தமிழ்த் தம்பதி அங்கே குடியிருந்தார்கள். நடேஸ் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். 2018 மார்ச் 5 விடிகாலையில் அதிகாரிகள் வந்து நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிரியாவின் விசா காலாவதி ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அது காலங்காலமாகப் பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடும் ஊர். ஆனாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'எங்கள் ஊர்க்காரர்களை எங்களிடமே திருப்பி அனுப்புங்கள்' என்ற ஒரே பேச்சை நாலு வருஷம் விடாமல் பேசினார்கள். 2019 ஆகஸ்டில் குடும்பத்தை இலங்கைக்கு ஏற்றிய விமானத்தை, அது பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதியின் உத்தரவு தடுத்து டார்வினில் இறக்கியது. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள். சின்னவளுக்கு ரத்தத்தில் தொற்று வந்து பெர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் நாடே விழித்தது. ஆட்சி மாறி, 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது.

சர்ச்சுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாய். அடைக்கலம் கேட்டு வந்தவர்களை அடைத்து வைப்பதை எதிர்த்து, 2014-லேயே பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் எம்.பி.க்களின் அலுவலகங்களில் உட்கார்ந்து ஜெபம் செய்து கைதானார்கள். 2016 பிப்ரவரியில், அடைக்கலம் கேட்டு வந்த 267 பேரை, அப்படிப்பட்டவர்களை ஆஸ்திரேலியா அனுப்பி வைத்த நவுருத் தீவுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தபோது, பிரிஸ்பேன் ஆங்கிலிக்கன் பேராலயத் தலைவர் பீட்டர் கேட், "எங்கள் ஆலயத்தில் தங்கட்டும்" என்று கதவைத் திறந்து வைத்தார். போலீஸ் உள்ளே வரக்கூடாது என்று இங்கே சட்டம் ஒன்றும் கிடையாது. தெரிந்தேதான் திறந்தார். கோயில் குளம் என்று நாம் வளர்ந்தோமே, அடைக்கலம் என்ற சொல்லின் கனம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஊர் இருந்தது, செல்வம். நான் பார்க்கும் பையனுக்கு அது இல்லை. ஓர் ஊரில் பழகி நாலு பேரைச் சம்பாதிப்பதற்குள் பிடித்து அடைத்துவிட்டார்கள். அவனுக்காக எந்தக் கடைக்காரர் பேசுவார், எந்த டீச்சர் கையெழுத்துப் போடுவார்? அதனால்தான் வாராவாரம் போகிறோம்.

வருகிற வியாழக்கிழமை அவனுக்குக் கோர்ட். சர்ச்சிலிருந்து ஒன்பது பேர் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். அவன் திரும்பிப் பார்த்தால் தெரிகிற மாதிரி உட்காரப்போகிறோம். முடிந்ததும் எழுதுகிறேன்.

உன்,
சேகர்